பல் மருத்துவர் என்றாலே அலறும் குழந்தை: என்ன செய்யலாம்?

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமாக இது. ஐந்து வயதுப் பெண் குழந்தை. கீழ்க் கடைவாய்ப் பால் பல்லில் சொத்தை விழுந்து குழியாகியிருக்கிறது. சாப்பிட்டால் சோறு போய் அடைத்துக்கொள்கிறது, இனிப்பு பட்டால் கூசுகிறது. பல்லை அடைக்கப் போன இடத்தில் அவள் அழ, இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொண்டு ஊசி போட முயன்றிருக்கிறார்கள். பாதியிலேயே திரும்பி வந்தாயிற்று. அன்றிலிருந்து வீட்டில் பல் துலக்கக்கூட வாயைத் திறப்பதில்லை. “பால் பல்தானே, தானாக விழட்டும் என்று விட்டுவிடலாமா, அல்லது எப்படியாவது பிடித்துவைத்து முடித்துவிடுவதா?” என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம் அம்மா. குழந்தைகளுக்குப் பல் மருத்துவம் பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், பல்லையும் காப்பாற்றலாம், பயத்தையும் போக்கலாம். வரிசைதான் முக்கியம். முதலில் சொத்தை மேலும் பரவாமல் நிறுத்தி அவகாசம் வாங்க வேண்டும். அந்த அவகாசத்தில் பயத்தைக் குறைக்க வேண்டும். முழுச் சிகிச்சை அதற்குப் பிறகு. நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. இரவெல்லாம் வலியில் அழுத குழந்தையை மறுநாள் காலையில் வாழ்க்கையிலேயே முதன்முறையாகப் பல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அன்றைக்கு மருத்துவருக்கும் நிதானமாகப் பழக நேரமில்லை, குழந்தையும் பழகும் நிலையில் இல்லை.

பால் பல் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 20 பால் பற்கள். முன் பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கும். அதைப் பார்த்துவிட்டு எல்லாப் பற்களும் அப்போதே விழுந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். கடைவாய்ப் பால் பற்கள் 9 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. உங்கள் மகள் இன்னும் பல ஆண்டுகள் அந்தப் பல்லால்தான் மென்று சாப்பிட வேண்டும். சொத்தை நரம்பை எட்டிவிட்டால் இரவு வலி, சீழ், கன்ன வீக்கம் என்று தொடரும். காலத்துக்கு முன்பே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்கு நகர்ந்துவிடும், அடியிலிருந்து வர வேண்டிய நிரந்தரப் பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும்.

பிடித்துவைத்து முடிப்பதற்கு வருகிறேன். கன்னம் வீங்கி, காய்ச்சலும் வந்து, சீழை உடனே வெளியேற்றியாக வேண்டும் என்ற நிலையில் குழந்தையைப் பாதுகாப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கலாம். அந்த அவசரம் உங்கள் மகளுக்கு இல்லை. முன்பு சில நாடுகளில், அழும் குழந்தையின் வாயைக் கையால் பொத்தி, அழுகை அடங்கும்வரை வைத்திருப்பதையே ஒரு முறையாகப் பல் மருத்துவ மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் 2006இல் அதைத் தன் வழிகாட்டு நெறிகளிலிருந்து நீக்கிவிட்டது. பிடித்துவைத்து முடிக்கும் வேலையில் ஒரு பல் அடைபடும். ஆனால் அந்தக் குழந்தை பெரியவளான பிறகும் பல் மருத்துவரைத் தவிர்க்கப் பழகிவிடுவாள். நாற்பது வயதில், தாங்கவே முடியாத வலி வந்த பிறகு மட்டும் வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலருக்கும் சிறு வயதில் இப்படி ஒரு நாள் இருந்திருக்கும்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை அழுவது வேறு விஷயம். அந்த வயதில் முகம் தெரியாதவர் வாயருகே கை கொண்டுவந்தால் அழாவிட்டால்தான் ஆச்சரியம். தாயும் மருத்துவரும் முழங்காலோடு முழங்கால் சேர்த்து எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். குழந்தை தாயைப் பார்த்தபடி, தலை மட்டும் மருத்துவர் மடியில் இருக்கும்படி சாய்த்து வாயைப் பார்ப்பார்கள். அரை நிமிட வேலை. அழும்போது வாய் நன்றாகத் திறந்திருப்பதால் பார்ப்பதும் எளிது. முடிந்ததும் தாய் அணைத்துக்கொண்டால் சற்று நேரத்தில் மறந்துவிடும். இதை ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு பேர் பிடித்து அமுக்குவதோடு சேர்த்து நினைக்க வேண்டாம்.

பயம் எங்கிருந்து வருகிறது? உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன் 1977இல் மூன்று வழிகளைச் சொன்னார். தானே பட்ட அனுபவம், அடுத்தவர் பயப்படுவதைப் பார்த்தது, காதால் கேட்டது. உங்கள் மகளுக்கு முதல் வழி நடந்துவிட்டது. மற்ற இரண்டும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன, அவை நம் கையில் இருக்கின்றன. “சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசி போடச் சொல்லிவிடுவேன்” என்று மிரட்டாத வீடு அபூர்வம். அந்தக் குழந்தையின் கணக்கில் ஊசி என்பது தப்பு செய்தவர்களுக்குக் கிடைக்கும் தண்டனை, டாக்டர் தண்டிக்கிறவர். அப்புறம் அவரைப் பார்த்ததும் சிரிக்கச் சொன்னால் எப்படிச் சிரிக்கும்? இன்றே அந்த வாக்கியத்தை வீட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். தாத்தா பாட்டியிடமும் சொல்லிவையுங்கள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பேச்சும் குழந்தை காதில் விழ வேண்டாம். அது உண்மையும் இல்லை. பார்வை நரம்பு வேறு, மேல் பற்களுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு.

அதே போல, அன்று நடந்ததை அத்தையிடமும் பக்கத்து வீட்டிலும் அவள் எதிரிலேயே விவரிப்பதை நிறுத்துங்கள். “இரண்டு பேர் பிடித்தும் அடங்கவில்லை, ஊரையே கூட்டிவிட்டாள்” என்று நீங்கள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவள் மனத்தில் அந்த நாள் பெரிதாகிக்கொண்டே போகிறது.

இப்போது வீட்டில் செய்ய வேண்டியது. மருத்துவர் பேச்சையே சில நாட்கள் எடுக்காதீர்கள். முதலில் பல் துலக்குவதை மீட்டெடுக்க வேண்டும். அவள் பயப்படுவது பிரஷ்ஷைப் பார்த்து அல்ல, தன் வாய் தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் போய்விடுமோ என்றுதான். அதனால் பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்து உங்கள் பல்லை அவளைத் துலக்கச் சொல்லுங்கள். நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள், அவள் உட்கார்ந்து டார்ச் அடித்து உங்கள் பல்லை எண்ணட்டும். “நான் கையைத் தூக்கினால் நீ நிறுத்திவிட வேண்டும்” என்று ஒரு விதி வையுங்கள். நடுவில் கையைத் தூக்குங்கள். அவள் நிறுத்துவாள். மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் பொம்மைக்குச் செய்யட்டும். அதற்கும் அடுத்த நாள் அவள் உங்கள் மடியில் தலை வைத்துப் படுக்கட்டும், நீங்கள் எண்ணுங்கள், அவள் கையைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்துங்கள். சும்மா சோதிக்கத்தான் தூக்குவாள். ஒவ்வொரு முறையும் நிறுத்துங்கள். “இன்னும் ஒரே ஒரு பல்” என்று ஏமாற்றி நீட்டித்தால் விளையாட்டு அன்றோடு முடிந்தது. கை தூக்கினால் உண்மையிலேயே நிற்கும் என்ற நம்பிக்கைதான் பிறகு சிகிச்சை நாற்காலியில் அவளைத் தாங்கப் போகிறது. எங்கள் அறையிலும் இதே விதிதான். இடது கையைத் தூக்கினால் நான் கருவியை வெளியே எடுத்துவிடுவேன்.

துலக்கும்போது ஃப்ளோரைடு உள்ள பற்பசையைப் பட்டாணி அளவு பயன்படுத்துங்கள். மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கு அரிசி அளவு போதும். இரவு துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம். சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில் குடித்துக்கொண்டே தூங்கும் பழக்கம் வீட்டில் எந்தக் குழந்தைக்கும் இருக்கக் கூடாது. சின்னக் குழந்தைகளின் மேல் முன் பற்கள் வரிசையாகக் கறுத்துப்போவதற்கு அது பெரிய காரணம்.

மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு முடித்தவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. நடந்ததை எல்லாம் முதலில் தொலைபேசியிலேயே சொல்லுங்கள். “முதல் முறை எந்தச் சிகிச்சையும் இல்லாமல் சும்மா பழகிவிட்டு வர அனுமதிப்பீர்களா? நான் பக்கத்தில் உட்காரலாமா? ஊசி இல்லாமல் சொத்தையை நிறுத்திவைக்கும் முறைகள் செய்வீர்களா?” என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் சலிப்பில்லாமல் பதில் சொல்பவரிடம் போங்கள். செலவு யோசனை இருந்தால் பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் இதே வேலையைத் தினமும் செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

போகும் நேரம் காலையாக இருக்கட்டும். பள்ளி விட்டுப் பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் வரும் குழந்தையிடம் எந்த வித்தையும் பலிக்காது. எங்கே போகிறோம் என்பதை முந்தின நாளே, சாதாரணமாக, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். “நாளைக்குக் காலையில் பல் டாக்டரிடம் போகிறோம், அவர் உன் பல்லை எண்ணிப் பார்ப்பார்” என்றால் போதும். பூங்காவுக்குப் போகிறோம் என்று சொல்லி அங்கே கொண்டு நிறுத்தாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில்தான் நல்ல பெற்றோர்களும் தவறுகிறார்கள். “வலிக்கவே வலிக்காது” என்று சொல்லாதீர்கள். “பயப்படாதே”, “ஊசி எல்லாம் போட மாட்டார்” இவையும் வேண்டாம். ஊசி பற்றிய நினைப்பே இல்லாமல் வந்த குழந்தை, நீங்கள் சொன்னதிலிருந்துதான் ஊசியை நினைக்கத் தொடங்கும். பிறகு துளி வலித்தாலும் நீங்கள் பொய் சொன்னவர் ஆகிவிடுவீர்கள், அதற்கப்புறம் மருத்துவர் சொல்லும் உண்மையையும் அவள் நம்ப மாட்டாள். “டாக்டர் என்ன செய்யப் போகிறார் என்று அவரே உனக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்வார், நான் பக்கத்திலேயே இருப்பேன்” என்பது உண்மை. அதைச் சொல்லுங்கள்.

நாற்காலியில் நாங்கள் செய்வதற்கு அடிப்படை 1959இல் அடெல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் எழுதி வைத்த எளிய முறை. முதலில் சொல்வது, பிறகு காட்டுவது, பிறகு செய்வது. குழந்தைக்கு வாய்க் கண்ணாடியைக் கையில் கொடுக்கிறோம். நாற்காலியை ஏற்றி இறக்கும் பொத்தானை அவளே அழுத்துகிறாள். காற்றும் தண்ணீரும் அடிக்கும் குழாயை முதலில் அவள் உள்ளங்கையில் அடித்துக் காட்டுகிறோம். எச்சிலை உறிஞ்சும் குழாயை ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்து உறிஞ்சச் செய்கிறாள். பல்லை மெருகேற்றும் சிறிய ரப்பர்க் கிண்ணத்தைக் கட்டைவிரல் நகத்தில் சுழற்றிக் காட்டினால் கூச்சத்தில் சிரித்துவிடும் குழந்தைகள் அதிகம். “இதையே ஒரு பல்லில் வைத்துப் பார்க்கலாமா? எந்தப் பல்லில் வைக்கட்டும், நீயே சொல்” என்று கேட்பேன். முன் பல்லைக் காட்டுவாள். ஐந்து எண்ணும்வரை சுழற்றிவிட்டு எடுத்துவிடுவேன், அவள் சரி என்றாலும் அதற்கு மேல் போக மாட்டேன். எண்ணிக்கை முடிந்தால் முடிந்துவிடும் என்பதை அவள் உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த நேரத்தில் பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவள் கணுக்காலில் கை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். அம்மா ஒரு பக்கம் “வாயைத் திற”, அப்பா இன்னொரு பக்கம் “அழக் கூடாது”, உதவியாளர் “இதோ முடிந்துவிட்டது” என்று மூன்று குரல் கேட்டால் குழந்தை எந்தக் குரலையும் பிடித்துக்கொள்ள முடியாமல் தவித்துப்போகும். குரல் ஒன்றாக இருக்கட்டும், மருத்துவருடையதாக. உங்களுக்கே பல் மருத்துவமனை என்றால் வியர்க்கும் என்றால், தயவுசெய்து சித்தியையோ மாமாவையோ உள்ளே அனுப்புங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவள் ஆபத்தை அளந்துகொள்கிறாள்.

இப்போது அந்தச் சொத்தைக்கு வருவோம். குழந்தைக்கு இன்னும் ஊசி தாங்காது என்றால் 38 சதவீத சில்வர் டைஅமின் ஃப்ளோரைடு என்ற திரவம் இருக்கிறது. பல்லைப் பஞ்சால் துடைத்து உலர்த்தி, சொத்தையில் ஒரு சொட்டைத் தூரிகையால் தடவி, ஓரிரு நிமிடம் விட்டால் போதும். ராவுவதில்லை, ஊசியும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. சொத்தை பரவுவதை நிறுத்தும், ஆனால் சொத்தை பட்ட இடம் நிலையாகக் கறுத்துவிடும். கடைவாயில் அது வெளியே தெரியாது என்றாலும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நரம்பு ஏற்கெனவே கெட்டு, இரவில் தானாகவே வலிக்கிறது, சீழ் கட்டியிருக்கிறது என்றால் இது உதவாது. உங்கள் மகளுக்கு இனிப்பு பட்டால் மட்டும் கூசுகிறது என்பதால் வாய்ப்பு இருக்கிறது. எக்ஸ்ரே பார்த்து மருத்துவர்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வழி, மென்மையான சொத்தையைக் கைக் கருவியால் மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்டால் அடைப்பது. மின்சாரமும், பல்லைக் குடையும் ஏர்ரோட்டர் இயந்திரமும் இல்லாத ஊர்களுக்காக 1980களின் நடுவில் தான்சானியாவில் உருவான முறை இது. ஏர்ரோட்டரின் கீச்சொலிதான் பல குழந்தைகளை நடுங்கவைப்பது என்பதால் நகரத்துக் குழந்தைகளுக்கும் நன்றாகப் பயன்படுகிறது. மூன்றாவது வழி, ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நோர்னா ஹால் பெயரில் வழங்கும் முறை. சொத்தையைத் தோண்டாமலேயே, அளவான எஃகுத் தொப்பியைச் சிமெண்ட் வைத்துப் பல்லின் மேல் மாட்டி, குழந்தையையே அழுத்திக் கடிக்கச் சொல்வது. காற்றும் உணவும் போகாமல் அடைபட்ட கிருமிகள் உள்ளேயே முடங்கிவிடும். முதலில் கடிக்கும்போது உயரமாகத் தோன்றும், சில வாரங்களில் சரியாகிவிடும். பக்குவமாகச் செய்தால் பல் தானாக விழும்வரை தாங்கும். உங்கள் மகள் போன்ற குழந்தைக்கு, முதல் சந்திப்பில் ஒன்றும் செய்யாமல் பழகி, அடுத்ததில் மருந்து தடவி, அதற்கும் அடுத்ததில் தொப்பி மாட்டுவது என்று திட்டமிடத்தான் நான் விரும்புவேன். கூடுதலாக இரண்டு முறை பஸ் ஏறி வர வேண்டும், ஒரு நாள் விடுப்பு போகும். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன், அந்த இரண்டு முறையைக் கொடுங்கள்.

ஒருவேளை ஊசி தேவைப்பட்டால் அதையும் பக்குவமாகப் போட முடியும். முதலில் ஈறில் மரத்துப்போகும் ஜெல்லைத் தடவி ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும், அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இந்தக் காத்திருப்பைத்தான். பிறகு கன்னத்தை மெல்ல அசைத்துக்கொண்டே மருந்தை மிக மெதுவாகச் செலுத்த வேண்டும். வேகமாகச் செலுத்தினால்தான் அதிகம் வலிக்கும். “கிள்ளினாற்போல் இருக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்” என்று சொல்லிவிட்டுத்தான் செய்வோம். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் உதடு மரத்திருக்கும், விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிக் கடித்து வீங்கிய உதட்டைப் பார்த்துவிட்டு ஊசி சீழ் பிடித்துவிட்டது என்று பதறி ஓடிவரும் பெற்றோர் நிறையப் பேர்.

இதற்கும் அடங்காத பயம் என்றால் மூக்கு வழியாக நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் கலந்த வாயுவைக் கொடுத்து, விழித்திருக்கும்போதே மனத்தை லேசாக்கலாம். முடிந்ததும் சில நிமிடங்கள் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் தெளிந்துவிடும். நிறையப் பற்கள் கெட்டுப்போன மிகச் சிறிய குழந்தைகளுக்கு முழு மயக்கத்தில் ஒரே நாளில் முடிப்பதும் உண்டு, அது மயக்க மருத்துவர் இருக்கும் மருத்துவமனையில் மட்டுமே. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் தலைக்கு மேல் எரியும் விளக்கும் சத்தமுமே பெரும் தொந்தரவாக இருக்கலாம். கறுப்புக் கண்ணாடியும் காதை மூடும் ஹெட்போனும் கொண்டுபோங்கள், கூட்டம் இல்லாத நேரமாகக் கேட்டு வாங்குங்கள்.

முடிந்து வெளியே வந்ததும் “சமர்த்து” என்று பொதுவாகச் சொல்வதைவிட, “பத்து எண்ணும்வரை வாயைத் திறந்தே வைத்திருந்தாயே, நான் பார்த்தேன்” என்று அவள் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். இரவு அப்பா வந்ததும் அவளையே சொல்லச் சொல்லுங்கள், பொத்தானை அழுத்தியதையும் கையைத் தூக்கியதும் டாக்டர் நிறுத்தியதையும் எடுத்துக்கொடுங்கள். அழுதிருந்தால் “அழுதாய்தான், அழுதுகொண்டே முடித்தும்விட்டாய்” என்று உண்மையாகவே சொல்லலாம். பரிசு கொடுப்பதானால் முடிந்த பிறகு ஒரு சின்னப் பொருள். போகும் முன்பே சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றால், அவ்வளவு பெரிய ஆபத்து காத்திருக்கிறது போலும் என்று அவள் கணக்குப் போடுவாள்.

இந்த அவகாசம் எல்லாம் ஒரு நிபந்தனையோடுதான். கன்னமோ தாடையோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், விழுங்கவோ வாயைத் திறக்கவோ சிரமப்பட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இரவில் வலி எழுந்தால் அவள் எடைக்கு ஏற்ப மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைப்பதும் வேண்டாம், மெல்லிய ஈறை அது பொசுக்கிவிடும்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் முதல் பல் முளைத்ததும், அல்லது முதல் பிறந்தநாளுக்குள், ஒரு முறை காட்டிவிடுங்கள். வலியில்லாத சந்திப்புகள் சில முன்பே நடந்திருந்தால், பிறகு ஒரு நாள் வலித்தாலும் பயம் அவ்வளவாக ஒட்டாது.

உங்கள் மகளுக்கு அடுத்து வருவது ஆறு வயதுக் கடைவாய்ப் பல். எந்தப் பால் பல்லும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும். அது நிரந்தரப் பல் என்று தெரியாமலேயே சொத்தையாகும்வரை விட்டுவிடும் வீடுகள் ஏராளம். அதன் ஆழமான பள்ளங்களில் சொத்தை விழாமல் பிசின் பூசி அடைத்துவிடலாம். கழுவி, உலர்த்தி, பிசினை வைத்து, நீல விளக்கைக் காட்டினால் இறுகிவிடும். ஊசி வேண்டாம், ராவுவதும் இல்லை. இப்போதே பழக ஆரம்பித்தால் அந்தப் பல் முழுதாக வெளியே வரும்போது அவள் நாற்காலியில் தானே ஏறி உட்காரும் நிலைக்கு வந்திருப்பாள். ஆறு மாதத்துக்கொரு முறை டார்ச் அடித்து அந்த இடத்தைப் பாருங்கள், வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் நேரம் குறித்து வாங்கிவிடுங்கள்.